ஊர் வரலாறு தொகுப்பதற்கு மண்வெட்டியா, கொப்பியா?

படுவான்கரை வாத்தியார் கேட்கிறார்:

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் இங்கிலாந்தில் குடியிருக்கும் என் அக்காவிடம் போயிருந்தபோது கண்ட ஒரு காரியத்தை இங்கே எழுதி, விடயம் தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேட்க விரும்புகிறேன்.

அக்கா இருப்பது கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு சிற்றூர். நான் போய்ச் சேர்ந்த வாரம், சனிக்கிழமை காலையில், அவருடைய பின்வளவுக்கு ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இருவர் பாடசாலை மாணவர்கள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் முழங்காலுக்கு அடியில் வைப்பதற்கென்று ஒரு சிறு மெத்தையும் கொண்டுவந்திருந்தார். புல்தரையில் ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலத்துக்கு நூல் கட்டினார்கள். புல்லைச் சதுரம் சதுரமாக வேரோடு கெல்லி, எடுத்த ஒழுங்கு மாறாமல் ஒரு விரிப்பின் மேல் அடுக்கினார்கள். அதன் பிறகு பத்துச் சென்ரிமீற்றர் ஆழம் மட்டும் தோண்டுவது, தோண்டிய மண் முழுவதையும் அரிதட்டில் அரிப்பது, தட்டில் நின்றதையெல்லாம் அந்தப் படைக்குரிய பையில் இடுவது, மண்ணின் நிறத்தை எழுதுவது, படம் எடுப்பது, பிறகு அடுத்த பத்துச் சென்ரிமீற்றர் என்று இரண்டு நாள் வேலை நடந்தது. ஞாயிறு மாலை குழியை மூடி, புல்லைப் பழைய ஒழுங்கிலேயே பதித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அக்காவின் மகன் அதே இடத்தில் பந்து விளையாடினான்.

மேற்படைகளில் நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டுகளும், பழைய காலத்து வெண்களிமண் புகைக்குழாயின் தண்டுத் துண்டுகளும் வந்தன. முழங்கால் ஆழத்துக்குச் சற்றுக் கீழே, பெருவிரல் நகமளவில் சாம்பல் நிற ஓட்டுத் துண்டு ஒன்று வந்தது. அந்த அம்மையார் அதைப் பழைய பற்தூரிகையால் கழுவிச் செய்தித்தாளில் காயவைத்துவிட்டு, இது ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுக்கு முந்திய சமையற்பானையின் விளிம்பாக இருக்கும் என்று சொன்னார். அவர் வாழ்நாள் முழுவதும் வங்கியில் வேலை செய்தவர். எனக்கு அந்த ஓட்டுத் துண்டை விட அவர்தான் பெரிய வியப்பாக இருந்தார்.

எங்கள் ஊரில் உழும்போது பானை ஓடு வராத வயல்வட்டை இல்லை. கிணறு வெட்டினாலும், மலசலகூடக் குழி தோண்டினாலும் ஏதாவது வரும்; பார்த்துவிட்டு வரம்பில் எறிந்துவிடுவோம். என்னிடம் உயர்தர வகுப்பில் பதினான்கு பிள்ளைகள் ஆர்வத்தோடு இருக்கிறார்கள். அவர்களை வைத்து, ஊரிலேயே நான்கைந்து வளவுகளில் இப்படிச் சிறு குழிகள் எடுக்க முடியுமா? யாரிடம் அனுமதி பெற வேண்டும்? இதைக் கேட்டதும் எங்கள் அதிபர், “தம்பி, நீர் மண்வெட்டியைத் தூக்கினால் பிள்ளைகளுக்கு முன்னர் பொலிஸ்தான் வரும்” என்று சிரித்தார். அவர் பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.


லெஸ்டரிலிருந்து கல்முனையான்:

வாத்தியார் அவர்களுக்கு, நான் கல்முனையைச் சேர்ந்தவன். லெஸ்டர் நகருக்கு வெளியே உள்ள ஒரு கிராமத்தில் பதினொரு வருடமாக இந்த வேலையில் தொண்டனாக இருக்கிறேன். நீங்கள் கண்டது சோதனைக் குழி. அதன் வெளித்தோற்றத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழிக்குப் பின்னால் இருப்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் குழியை மட்டும் ஊருக்குக் கொண்டுபோனால் பயன் இல்லை.

முன்னர் இங்கே ஊர்களைப் பற்றிய அகழ்வு என்றால் பெரும்பாலும் கைவிடப்பட்ட ஊர்களில்தான் நடந்தது. யோர்க்ஷயரில் வாரம் பேர்சி என்ற பாழ்பட்ட கிராமத்தில் வரலாற்றாசிரியர் மொறிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜோன் ஹேர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் தொண்டர்களைக் கூட்டித் தோண்டினார்கள். ஆனால் மக்கள் இன்றும் வாழ்கிற ஊரில் வீட்டை இடித்துத் தோண்ட முடியாது. அதனால்தான் ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் ஒரு மீற்றர் சதுரம் என்ற இந்த வழி பரவியது. கேம்பிரிட்ஜில் இருந்த கரென்சா லூயிஸ் என்ற பேராசிரியர் 2005 முதல் கிழக்கு இங்கிலாந்தின் பாடசாலைப் பிள்ளைகளையும் ஊர்ச்சனங்களையும் கொண்டு இதைப் பெரிய அளவில் செய்தார். 55 ஊர்களில் 2000க்கு மேற்பட்ட குழிகளின் ஓட்டுத் துண்டுகளை எண்ணிப் பார்த்தபோது, 1348, 1349ஆம் ஆண்டுகளில் வந்த கொள்ளைநோய்க்குப் பிந்திய காலத்துத் துண்டுகள் அதற்கு முந்தியவற்றை விட ஏறத்தாழ 45 வீதம் குறைந்திருந்தன. நோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஏட்டில் தேடிக்கொண்டிருந்த கேள்விக்கு, உடைந்த பானை ஒரு பதில் சொன்னது. இதைச் சொன்னது எந்த ஒரு குழியும் அல்ல. தனிக்குழி எதையும் நிரூபிக்காது. எல்லாரும் ஒரே அளவில், ஒரே முறையில் எடுத்து, ஒரே மாதிரி எழுதிவைத்ததால்தான் இரண்டாயிரம் குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஒன்றுமே கிடைக்காத குழியையும் அதே கவனத்தோடு எழுதுவார்கள். அந்தக் காலத்தில் அந்த வளவில் ஆள் குடியிருக்கவில்லை என்பதற்கு அந்த வெறுங்குழிதான் சாட்சி.

சட்டத்தைப் பொறுத்தவரை இங்குள்ள நிலைமை வேறு. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்தைத் தவிர, தனியார் காணியில் சொந்தக்காரரின் சம்மதம் இருந்தால் தோண்டலாம். பொன், வெள்ளிப் பொருட்கள் போன்று 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டத்துக்குள் வருபவை கிடைத்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஏனையவற்றை அறிவிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 1997 இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஓர் அலுவலர் இருக்கிறார். நாம் கொண்டுபோய்க் காட்டினால் பார்த்து, படம் எடுத்து, கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, பொருளை நம் கையிலேயே திருப்பித் தருவார். திருப்பித் தருகிறார் என்பதால்தான் சனங்கள் கொண்டுபோகிறார்கள்.

அதற்காக இங்கே எல்லாரும் உத்தமர் என்று எண்ண வேண்டாம். இரவில் உலோகம் தேடும் கருவியோடு அடுத்தவன் வயலில் இறங்கும் கள்ளர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். எங்கள் குழுவும் முதல் வருடத்தில் பெரிய பிழை ஒன்றைச் செய்தது. பைகளுக்கு மேலே சாதாரணப் பேனையால் இலக்கம் எழுதி, கழுவிய ஓடுகளை ஈரத்தோடு உள்ளே போட்டு, ஒருவருடைய கார்க் கொட்டகையில் மாரிகாலம் முழுவதும் வைத்துவிட்டோம். பங்குனியில் திறந்தபோது மூன்று குழிகளின் பைகளில் மை கரைந்து போயிருந்தது. ஓடுகள் அப்படியே இருந்தன, அழகாகவும் இருந்தன. எந்த வளவு, எந்த ஆழம் என்பது போய்விட்டது. அதை ஆராய வந்த அம்மணி ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மற்றப் பெட்டிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து பைக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு என்று இரண்டு எழுதுகிறோம்.


அம்பாறையிலிருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

அதிபர் பகிடிக்குச் சொல்லவில்லை, தம்பி. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொல்பொருளைத் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் உரிமப்பத்திரம் வேண்டும். காணி உங்களுடையதாக இருந்தாலும் வேண்டும். நிலத்துக்குள் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. தற்செயலாகக் கிடைத்தாலும் அறிவிக்க வேண்டும். 1998 இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. புதையல் தோண்டியவர்கள் பெக்கோ இயந்திரத்தோடு பிடிபட்ட செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அரிதட்டோடு பதினான்கு பிள்ளைகள் ஒரு குழியைச் சுற்றி நின்றால், அது பாடமா புதையலா என்று வருகிற பொலிஸ்காரருக்கு எப்படித் தெரியும்? உரிமப்பத்திரம் தகுதியுள்ள நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கொடுக்கப்படுவது. ஒரு பல்கலைக்கழகத் துறை பொறுப்பேற்று, அவர்களுக்கு உதவியாக உங்கள் பிள்ளைகள் போனால் அது வேறு கதை.

சட்டத்துக்கு அப்பால் ஒரு விடயம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் மாகாணத்தில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே சனங்கள் காணியைத்தான் நினைப்பார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இருக்கவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நீங்கள் ஒருவருடைய வளவில் நூல் கட்டினால், நாளைக்கு அங்கே பெயர்ப்பலகை வந்துவிடும் என்று அவருடைய மனைவி இரவு முழுவதும் நித்திரை கொள்ளமாட்டார். இங்கிலாந்துக் கிராமத்தில் குழி தோண்டிய பிறகு வீட்டுக்காரர் தேநீர் கொடுக்கிறார். இங்கே அதே தேநீரை முதலில், நாலைந்து மாதம், நீங்கள் போய்ப் போய்க் குடிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த மாவட்டங்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பரங்கியர், வேடர் என்று பல சனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள். குசலான மலையிலும் இராசகலையிலும் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயில்களில் செப்பேடும் ஏடும் இருக்கின்றன. வாவிக்கரையில் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, ஒல்லாந்தர் 1638 இல் பிடித்த கோட்டை நிற்கிறது. யார் முதலில் வந்தார் என்ற கேள்வியோடு நீங்கள் தொடங்கினால் முதற்கூட்டமே சண்டையில் முடியும். இந்த வளவில் இந்தக் கிணற்றை எப்போது கட்டினார்கள் என்று தொடங்கினால் எல்லாரும் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டு கதைக்க வருவார்கள்.


வெல்லாவெளி விவசாயி:

மேலே எழுதியவர்கள் படித்தவர்கள். ஆனாலும் எனக்கு இந்த அறிவுரை முழுவதும் ஏற்புடையதாக இல்லை. பல வருடத்துக்கு முன்னர் எங்கள் மேட்டு நிலத்தில் கிணறு வெட்டியபோது, ஓர் ஆளுயரத்துக்குக் கீழே, உட்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக மூன்று சட்டிகள் கிடைத்தன. ஒன்று முழுசு. சட்டத்தை மதித்து, சைக்கிளில் கட்டி, ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். பற்றுச்சீட்டு தரவில்லை. நானும் கேட்கவில்லை. சில வருடம் கழித்துப் போய் விசாரித்தபோது அப்படி ஒரு பொருள் வந்ததே ஒருவருக்கும் தெரியாது. மேசையில் இருந்தவரும் மாறிவிட்டார். எங்கள் நிலத்தின் கதையை மற்றவர் வந்து தோண்டிச் சொல்லும் வரைக்கும் நாங்கள் வரம்பில் குந்திக்கொண்டிருக்க வேண்டுமா? இதற்கு விடை சொல்லிவிட்டுப் பிறகு கொப்பியைப் பற்றிப் பேசுங்கள்.


அம்பாறையிலிருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

உங்கள் கோபம் நியாயமானது, அண்ணன். ஆனால் நீங்கள் சொன்ன கதையிலேயே விடையும் இருக்கிறது. சட்டிகள் தொலைந்தது மட்டுமா நட்டம்? கிணறு எங்கே இருக்கிறது என்பதும், சட்டிகள் எவ்வளவு ஆழத்தில் இருந்தன என்பதும், பக்கத்தில் எலும்போ சாம்பலோ இருந்ததா என்பதும் அந்த அலுவலகத்துக்கு ஒருபோதும் போகவில்லை. அவை இன்றைக்கும் உங்களிடம்தான் இருக்கின்றன. இன்று இரவே எழுதிவையுங்கள். எந்த மாதம், வெட்டிய ஆட்கள் எத்தனை பேர், கயிறு எத்தனை முழம், மண் எந்த ஆழத்தில் மணலாக மாறியது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

இனிமேல் யாருக்கும் ஏதாவது கிடைத்தால் வேலையை நிறுத்தி, இடத்திலேயே வைத்து அளவுகோலோடு படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் எழுதி, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். நான் 31 வருடம் கோவைகளுக்குள் வாழ்ந்தவன். கையொப்பம் இல்லாத கடிதத்தை நாங்கள் எப்படி மறப்போம் என்பது எனக்குத் தெரியும்.


கல்லாற்றிலிருந்து ஓர் ஆசிரியை:

வாத்தியார், குழியை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள். நான் என் மாணவிகளோடு நான்கு வருடமாக அதைத்தான் செய்கிறேன். முதலில் நான் பட்ட வெட்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பழைய நாற்சார் வீட்டின் கூரையோட்டைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் அடியில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற ஆண்டும் அச்சாகியிருந்தன. பிள்ளைகள் துள்ளினார்கள். நானும் துள்ளி, வீடு 1865 இல் கட்டப்பட்டது என்று பாடசாலைச் சஞ்சிகையில் எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பிறகு ஊரில் ஒரு முதிய மேசன் அதை வாசித்துவிட்டு, தான் அறிய வேறு நாலைந்து வீடுகளிலும் இதே ஆண்டுதான் இருக்கிறது, எல்லா வீட்டையும் ஒரே வருடத்திலா கட்டினார்கள் என்று கேட்டார். அதன் பின்னர்தான் விசாரித்தேன். 1865 என்பது அந்த மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு. பல காலம் கழித்துச் செய்த ஓட்டிலும் அதே ஆண்டை அச்சிட்டார்கள். முதலாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறின. ஓட்டில் பெயரும் மாறியது. ஆகவே ஓட்டிலுள்ள பெயர் மாற்றம் எங்களுக்குக் காலம் சொல்லும். ஓட்டிலுள்ள ஆண்டு சொல்லாது. அதிலும், கூரை வீட்டை விட இளையதாக இருக்கலாம். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறக்காத வீடு இந்தப் பக்கத்தில் எத்தனை? பறந்த ஓட்டைப் பொறுக்கி ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குப் போட்டிருக்கிறார். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் முதலாவதாகக் கேட்கும் கேள்வி, சூறாவளிக்கு முன்னரும் இதே ஓடுதானா என்பது. சட்டம் போட்டு மாட்டிய அந்தப் பக்கத்தை நான் இன்னும் கழற்றச் சொல்லவில்லை. அவருக்கு வயது எண்பத்திரண்டு, மனம் வரவில்லை.

நாணயமும் இப்படித்தான். வயலில் கிடைக்கும் ஒல்லாந்தர் செப்புக் காசில் அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பனியின் முத்திரையும் ஆண்டும் இருக்கும். துட்டு என்ற சொல்லே அவர்களுடைய அந்தக் காசின் பெயரிலிருந்து வந்தது. அதில் 1790 என்று இருந்தால், 1790க்கு முன்னர் அது அங்கே விழவில்லை என்பது மட்டுமே உறுதி. எப்போது விழுந்தது என்று காசு சொல்லாது.

ஓட்டுக்கு அடுத்தபடியாக நாங்கள் பார்ப்பது காணி உறுதி. உறுதியைக் கையில் வாங்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள், சனங்கள் பயப்படுவார்கள். நாலு பக்க எல்லையை மட்டும் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே துறைக்குப் போகும் ஒழுங்கை, தெற்கே புளியடி, மேற்கே குளத்தங்கட்டு என்று வரும். இன்றைக்கு அங்கே துறையும் இல்லை, புளியும் இல்லை. ஆனால் பத்து உறுதியின் எல்லைகளை ஒரு தாளில் கீறிப் பார்த்தால் பழைய ஒழுங்கை தானாக எழும்பி வரும். இங்கிலாந்துக் கிராமத்தவர்களுக்கு 1086இன் நிலப்பதிவு ஏடும், 1538 முதல் தேவாலயப் பதிவேடுகளும் இருக்கின்றன என்று வாசித்திருக்கிறேன். எங்களுக்கு அப்படி ஒரே பெட்டியில் ஒன்றும் இல்லை. 1990 இல் யுத்தத்துக்குப் பயந்து ஓடியபோது எரிந்தது பாதி, கடற்கரைப் பக்கத்தில் 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனது மீதி. எஞ்சியது கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வீட்டிலும், பள்ளிவாசல் கணக்கிலும், மெதடிஸ்த மிஷனின் ஞானஸ்நானப் புத்தகத்திலும், மரண சகாய சங்கத்தின் கொப்பியிலுமாகச் சிதறிக் கிடக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன யோசனை. வயது போனவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு முன்னரா பின்னரா, சூறாவளிக்கு முன்னரா பின்னரா, நீங்கள் பெரியபிள்ளையாவதற்கு முன்னரா பின்னரா என்று கேளுங்கள். என்னுடைய பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தன் பிறந்த ஆண்டு தெரியாது. ஆனால் எந்தக் கண்ணகி அம்மன் சடங்கில், இரண்டு அணியாக இழுக்கும் கொம்பு விளையாட்டில், யார் கொம்பு முறித்தது என்று வரிசையாகச் சொல்வார்.


லெஸ்டரிலிருந்து கல்முனையான்:

ஆசிரியையின் ஓட்டுக் கதை எங்கள் மை கரைந்த கதையை விடப் பெறுமதியானது. ஒரு சிறு சேர்க்கை மட்டும். வயலில் மேலே கிடக்கும் பானையோட்டைப் பிள்ளைகள் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவர விடாதீர்கள். கிடந்த இடத்திலேயே ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து, கைத்தொலைபேசியில் அமைவிடத்தைக் குறித்துவிட்டு, ஓட்டை அங்கேயே விடுங்கள். இங்கே உழுத வயலில் வரிசையாக நடந்து பொறுக்குவது பெரிய கலை. ஆனால் இங்கே பொறுக்கியதை வைக்கக் களஞ்சியமும், பார்க்க ஆளும் இருக்கிறார்கள். வைக்க இடமில்லாமல் பொறுக்கினால், வெல்லாவெளி அண்ணனின் சட்டி போன அலுமாரிக்குத்தான் போகும்.


படுவான்கரை வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். தவணைப் பரீட்சை குறுக்கே வந்துவிட்டது.

குழி எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். அதிபரிடம் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டு, காலைக் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லிக்காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக அனுப்புகிறேன். ஒருவர் கதைப்பார், ஒருவர் எழுதுவார். வளவு ஒன்றுக்கு ஒரு தாள்: கிணறு கட்டுக் கிணறா கொட்டுக் கிணறா, கூரையோட்டின் பெயர், சூறாவளிக்கு முன்னரும் அதுதானா, காணியின் நாலு எல்லை, நிலத்துக்குள்ளிருந்து எப்போதாவது என்ன வந்தது, எவ்வளவு ஆழத்தில், அது இப்போது எங்கே. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் வருகிற விடை, எறிந்துவிட்டோம் என்பது. தாளுக்கு இரண்டு பிரதி எடுக்கிறோம். ஒன்று பாடசாலையில், ஒன்று கோயில் அலுவலக அறையில். எழுத மை கரையாத பேனை வாங்கியிருக்கிறேன்.

இதுவரை 37 வளவுகள் முடிந்தன. பயன் உண்டா என்று கேட்டால், ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊருக்குத் தெற்கே உள்ள ஒன்பது வளவுகளின் உறுதிகளில் “பாதைக்குப் போகும் வழி” என்ற எல்லை வருகிறது. பிள்ளைகள் அதைத் தெரு என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை என்பது எப்படித் தெரியும்? 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபோது அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். ஆகவே அந்தத் தெற்கு மூலையில், இப்போது நாணல் மண்டிக் கிடக்கிற இடத்தில், ஒரு காலத்தில் துறை ஒன்று இருந்திருக்கிறது. அதை ஊரில் ஒருவரும் எனக்கு முன்னர் சொல்லவில்லை, ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் இப்போது ஒரு சிக்கல். எண்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் அந்தத் துறையைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒருவர் அது மருத மரத்துக்கு நேரே இருந்தது, தான் அதில் நெல்மூடை ஏற்றியிருக்கிறேன் என்கிறார். மற்றவர் அங்கே சேறு, பாதை கரை சேராது, இருநூறு யார் வடக்கே உள்ள கல்லடுக்கில்தான் நின்றது என்கிறார். இருவரும் சம்பந்திகள், இந்த விடயம் தொடங்கியதிலிருந்து ஒருவர் வீட்டில் மற்றவர் தேநீர் குடிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். நில அளவைத் திணைக்களம் பழைய காலத்தில் வெளியிட்ட, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவிலான வரைபடத்தில் வாவியின் தென்பகுதியைக் காட்டும் தாள் உங்களில் யாரிடமாவது இருந்தால், மண்முனைக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே மேற்குக் கரையில் துறை என்று எத்தனை இடத்தில் குறித்திருக்கிறது, தாளில் எந்த ஆண்டு அச்சாகியிருக்கிறது என்பதைத் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஆண்டு அளந்த ஆண்டா, அச்சிட்ட ஆண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்கவும்.